மேடையின் உயரம்

செப்டம்பர் 9

சாவி கைக்கு வந்துவிட்டது! புரசைவாக்கம் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்த ராவ் குடும்பம் நேற்று காலி செய்துகொண்டு பெங்களூர் போயிற்று. அச்சகத்தில் இரண்டு ஃபாரம், முப்பத்திரண்டு பக்கம், பிழை திருத்தி முடித்த கையோடு, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் பஸ் பிடித்தேன். இந்த வருஷம் அரை நாள் வேலைதான் என்று முதலாளி குறைத்தபோது முகம் சுளித்தவள் நான். இப்போது மதியம் முழுக்க என் கையில் இருக்கிறது.

அப்பா எனக்கென்று எழுதிவைத்த வீடு இது. அண்ணனுக்கு நங்கநல்லூர் வீடு, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இது. எனக்கு ஐம்பத்தொரு வயதாகிறது, இதற்குள் நான்கு தடவை கால் வைத்திருந்தால் அதிகம்.

சுதந்திரத்துக்கு முன்னால் கட்டிய மூன்று அடுக்குக் கட்டடம். முகப்பில் சிமென்டிலேயே சூரியன் உதிக்கிற மாதிரி கதிர் கதிராக இழைத்திருக்கிறார்கள். அந்தச் சூரியனை நம்பி இரண்டாம் மாடிக்கு ஏறி உள்ளே போனால், மதியம் ஒன்றரை மணிக்குச் சுவரைத் தடவி சுவிட்ச் தேட வேண்டியிருந்தது. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை, குளியலறை, பலகை அடித்து மூடிய பால்கனி. தலைக்கு மேல் அட்டை சீலிங். அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இருட்டை விட இந்த இருட்டு கனம்.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் சொன்னார்: "வெள்ளையடிச்சு வாடகைக்கு விட்டுடு திலகா. தை பொறந்தா நல்ல பார்ட்டியா வருவாங்க."

"கொஞ்சம் செலவு பண்ணி வெளிச்சம் வர்ற மாதிரி செஞ்சா, இன்னும் நல்ல பார்ட்டியா வருவாங்கண்ணா."

அண்ணன் சரி என்றார். திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தாலும் அவர் அதிகம் பேசமாட்டார்.

ஆகவே, வாடகைக்கு விடுவதற்காகத்தான். இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். குயிலி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். அண்ணன் மகள், கல்லூரியில் மூன்றாம் வருஷம். அவள் பிறந்ததிலிருந்து அவள் அறையில்தான் நானும் படுக்கிறேன்.

செப்டம்பர் 14

ஏழுமலை மேஸ்திரி வந்தார். செஞ்சிப் பக்கத்து ஆள். வாய் ஓயாது, கை அவ்வப்போது ஓயும்.

"மேடம், மொத்தமும் பேத்துட்டு டைல்ஸ் ஒட்டி, மேல கலர் கலரா எல்.இ.டி. வுட்டுடலாம். ஜிகுஜிகுன்னு இருக்கும்."

"ஜிகுஜிகு வேண்டாம். பகல்ல லைட் போடாம பேப்பர் படிக்க முடியணும். அவ்வளவுதான்."

"யாரு படிக்கணும்?"

"குடி வர்றவங்க."

"இப்போ எல்லாம் போன்லதான் படிக்கிறாங்க மேடம்" என்றார். முதலில் அட்டை சீலிங்கைக் கழற்றச் சொன்னேன்.

செப்டம்பர் 16

என்ன சொல்வது! சீலிங்குக்கு மேல் இன்னொரு வீடே இருந்திருக்கிறது! அட்டை விழுந்து தூசி அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தால், கைக்கு எட்டாத உயரத்தில் வரிசை வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் குறுக்கே நிறுத்திய செங்கல். அசல் மெட்ராஸ் டெரஸ். சுவரின் உச்சியில் நான்கு வெண்டிலேட்டர்கள், நான்கிலும் கண்ணாடி, கண்ணாடி முழுக்கக் கறுப்புப் பூச்சு.

அப்பா சொன்ன ஞாபகம் இருக்கிறது. யுத்தச் சமயத்தில் விளக்கு வெளியே தெரியக்கூடாதென்று பட்டணத்தில் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு அடிக்கச் சொன்னார்களாம். யுத்தம் முடிந்து அத்தனை பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். இந்த நான்கு கண்ணாடியைச் சுரண்டத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அப்புறம் யாரோ அட்டை அடித்து மறைத்துவிட்டார்கள், விஷயம் முடிந்தது.

சாரத்தில் ஏறி பிளேடால் நானே சுரண்டினேன். மேஸ்திரி கீழே நின்றுகொண்டு, "மேடம், வுழுந்துட்டா நான் பதில் சொல்ல முடியாது" என்று கத்தினார். உள்ளங்கை அகலம் சுரண்டியதும் அடியில் மஞ்சள் தெரிந்தது. கலர்க் கண்ணாடி! ஒரு துண்டு வெயில் எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

செப்டம்பர் 17

இரண்டு மஞ்சள், இரண்டு பச்சை. கை முழுக்கக் கீறல். குடி வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

செப்டம்பர் 25

ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை இடித்தால் வீடு இரண்டு மடங்காகத் தெரியும் என்றார் மேஸ்திரி. எனக்கும் ஆசைதான். ஆள் சம்மட்டியை ஓங்குகிற சமயத்தில் ஏனோ மேலே பார்த்தேன்.

"மேஸ்திரி, இந்தக் கட்டையெல்லாம் எது மேல உக்காந்திருக்கு?"

அவரும் நிமிர்ந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அட ஆமா. இது மேலதான்" என்று சொல்லிவிட்டுச் சம்மட்டியைப் பிடுங்கி மூலையில் வைத்தார். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மாடியைத் தலையில் தாங்கியிருப்போம். அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், பயத்தில்.

சுவர் நிற்கிறது. கதவுக்கு மேலே செங்கல் வைத்து அடைத்திருந்த வளைவை மட்டும் திறந்து கண்ணாடி போடுகிறோம். ஹாலின் வெளிச்சம் அதன் வழியாக அறைக்குள் இறங்கும். பழைய வீட்டோடு மல்லுக்கட்டக் கூடாது, அது எங்கே விட்டுக்கொடுக்கும் என்று பார்த்துக் கேட்க வேண்டும். அண்ணி வீட்டில் நான் இருபத்து நான்கு வருஷம் இருந்ததும் இப்படித்தான்.

அண்ணியைக் குறை சொல்லவில்லை. மஞ்சுளா அண்ணி தங்கம்.

அக்டோபர் 4

பால்கனிப் பலகைகளைப் பிரித்தாயிற்று. வெளியே பக்கத்துக் காம்பவுண்டின் வாதாமரம், கை நீட்டினால் இலை. காற்று அடிக்கும்போது ஹால் தரை முழுக்க நிழல் அசைகிறது. ஜன்னலை ஒட்டி ஒரு திண்டு கட்டச் சொன்னேன், உட்காரவும் படுக்கவும். எவ்வளவு நீளம் என்று மேஸ்திரி கேட்டார். தரையில் படுத்துக் காட்டினேன். சித்தாள் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு சமையல் மேடை.

"எவ்ளோ உசரம் மேடம்? வழக்கமா ரெண்டே முக்கா அடி வைப்போம்."

"அது யாரோட வழக்கம்?"

"அப்போ நில்லுங்க. முழங்கைய மடக்குங்க." மடக்கினேன். முழங்கைக்கு ஒரு சாண் கீழே பென்சிலால் கோடு போட்டார். "ரொம்பக் கீழ வருதே மேடம். நீங்க குள்ளம்."

"இருக்கட்டும். ஏதாவது ஓர் உயரம் வைத்துத்தானே ஆக வேண்டும்" என்று இங்கே எழுதுகிறேன். அங்கே, கோட்டின்படியே கட்டச் சொன்னேன்.

நங்கநல்லூர் வீட்டுச் சமையல் மேடை அண்ணியின் உயரத்துக்குக் கட்டியது. அண்ணி நல்ல உயரம். அங்கே ஒரு மரமணை போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் நான் சமைக்கிறேன். அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக வேண்டுமென்றால் இறங்கி, மணையைக் காலால் தள்ளி, மறுபடி ஏற வேண்டும். பழகிவிட்டது. வாஷ்பேசின் கண்ணாடியும் அப்படித்தான், குதிகாலைத் தூக்கினால் மூக்கு வரைக்கும் தெரியும்.

அக்டோபர் 5

மேடை கட்டியாயிற்று. சிமென்ட் காய்வதற்குள் போய் நின்று, இல்லாத காயை இல்லாத கத்தியால் நறுக்கிப் பார்த்தேன். ஆஹா!

நவம்பர் 6

மழை. ஒரு வாரமாக விடவில்லை. ஹாலின் நடுவில் ஒழுகுகிறது. வாளி, பேசின், அண்ணி வீட்டு இட்லிப்பானை எல்லாம் அணிவகுத்து நிற்கின்றன. மேஸ்திரி தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் போனை எடுக்கவில்லை. தேக்குக் கட்டையில் ஈரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அழுகை வந்துவிட்டது. வாடகைக்கு விடப்போகிற வீட்டுக்காக யாராவது அழுவார்களா? எனக்கு ஜலதோஷம், அதனால் கண்ணில் நீர் வந்திருக்கும்.

அண்ணன் போனில், "இதுக்கெல்லாம் அலையாத. வித்துடலாம். கேக்குறாங்க" என்றார்.

"ஒழுகுற வீட்டை எவன் வாங்குவான்? சரி பண்ணிட்டுப் பேசலாம்ணா" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. அண்ணனிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

நவம்பர் 12

ஏழுமலை வந்தார், கையில் அதிரசப் பொட்டலத்தோடு. அதிரசத்தைப் பார்த்ததும் திட்டுவதற்கு வாய் வரவில்லை. மொட்டைமாடியில் எவனோ டிஷ் ஆன்டெனாவுக்கு ஆணி அடித்த இடத்தில், தரையில் பதித்த தட்டை ஓடு விரிசல் விட்டிருந்தது. நான்கு ஓடுகளைப் பெயர்த்து, சுண்ணாம்புக் கலவை போட்டு அடைத்தார். சிமென்ட் வைக்கிறேன் என்றுதான் முதலில் ஆரம்பித்தார். பழைய சுண்ணாம்பும் புது சிமென்டும் ஒட்டாமல் மறுபடி விரிசல் விடும் என்று அச்சகத்தில் பொறியியல் புத்தகம் ஒன்றைத் திருத்தியபோது படித்திருக்கிறேன். சண்டை போட்டேன். ஜெயித்தேன். இனி மழை வரட்டும்.

நவம்பர் 25

இரண்டு சந்தோஷங்கள்.

பிளாஸ்டிக் விரிப்பை உரித்தால் அடியில் சிவப்புத் தரை, ரெட் ஆக்சைடு. பசையைச் சுரண்டித் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து சிவப்பு எழுந்து வருகிறது. அறை மூலையில் ஒரு சின்னக் குழந்தையின் பாதம் பதிந்திருக்கிறது, சிமென்ட் காய்வதற்குள் ஓடிய பாதம். மேஸ்திரி அதைப் பூசி மறைக்கப் பார்த்தார், தடுத்துவிட்டேன்.

அடுத்தது சமையலறை. பழைய விறகடுப்புக் காலத்துப் புகைக்கூண்டு தகரம் போட்டு மூடிக் கிடந்தது. தகரத்தை எடுத்துக் கண்ணாடி பதித்தோம். மதிய வெயில் அதன் வழியே நேராக மேடையின் மேல் இறங்குகிறது! அரிசியில் கல் பொறுக்க வேறு விளக்கு வேண்டாம். அரிசி வாங்கிப்போய் வைத்திருக்கிறேன், சும்மா சோதித்துப் பார்க்க.

டிசம்பர் 3

முதல் பார்ட்டி. தரகர் கூட்டிவந்த புதுமணத் தம்பதி. நல்ல பிள்ளைகள்தான். கலர்க் கண்ணாடியைப் பார்த்து அந்தப் பெண் "வாவ்" என்றாள். அறைக்குள் போனதும் பையன் கேட்டான்: "டபுள் கட்டில் எங்க ஆன்ட்டி போடுறது?"

அப்போதுதான் கவனித்தேன். வளைவுக் கண்ணாடியின் வெளிச்சம் விழுகிற இடத்தை விட்டு, அலமாரிகளை எல்லாம் சுவரோடு கட்டியதில், ஒற்றைக் கட்டிலுக்குத்தான் இடம் மிச்சமிருக்கிறது. "ஒருத்தர் திண்டுல படுத்துக்கலாமே" என்றேன். கல்யாணமாகி ஒரு மாசம்தான் ஆகிறதாம். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

போகும்போது அந்தப் பெண் குளியலறைக் கண்ணாடியில் முடியைச் சரிசெய்யப் போய், "ஆன்ட்டி, இதுல என் கழுத்துதான் தெரியுது" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வளர்ந்து தொலைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 9

கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். சமையல் மேடையை ஸ்டூல் என்று நினைத்து உட்காரப் போனார். அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது! யாரும் குடி வரமாட்டார்கள், தை பிறக்கும் வரை ஒரு தரகரும் போன் செய்ய மாட்டார். பெயின்ட் வாசனை போக ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டுமென்று அண்ணனிடம் சொல்லிவிட்டு தினமும் அச்சகத்திலிருந்து நேரே அங்கே போகிறேன்.

இன்று மதியம் காபி போட்டேன். ஒரு டம்ளர், ஒரு ஃபில்டர், ஒரு சின்ன அடுப்பு மட்டும் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு தலையணை. குடித்துவிட்டுத் திண்டில் சாய்ந்தேன். மஞ்சள் வெயில் காலிலிருந்து மெல்ல வயிற்றுக்கு ஏறியது. தூங்கிவிட்டேன். எழுந்தபோது யார் வீடு, எந்த ஊர் என்று ஒன்றும் புரியவில்லை, ஆனால் பயமாக இல்லை. நங்கநல்லூரில் குயிலியின் அறையில் நான் இப்படிக் கை காலை விரித்துத் தூங்கியதே கிடையாது.

டிசம்பர் 20

இன்றும் போனேன்.

டிசம்பர் 21

ஞாயிறு. பெயின்ட் வாசனைக்கு ஞாயிறு தெரியுமா? போனேன்.

டிசம்பர் 28

மார்கழி என்று சந்தோஷப்பட்டேன். மார்கழி பார்க்காதவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

எஸ்தர் என்ற பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தனி ஆள், நாசரேத்துப் பக்கம். இங்கே நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. ஹாலுக்குள் வந்தவள் நிமிர்ந்து கட்டைகளைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைச் சிவப்புத் தரையில் வைத்தாள். மூலையிலிருக்கிற குழந்தைப் பாதத்தைக் கண்டு, குனிந்து தொட்டாள். ஒற்றைக் கட்டில் போதும் என்றாள். சமையல் மேடை முன்னால் போய் நின்றாள். முழங்கைக்கு ஒரு சாண் கீழே, கச்சிதமாக. குளியலறைக் கண்ணாடியில் முழு முகமும் தெரிந்தது.

என்னைவிட அரை விரல்கூட உயரமில்லை!

"எனக்குன்னே கட்டின மாதிரி இருக்குக்கா" என்றாள். என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது என்று தேடினேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நாங்க சைவம். இங்க மீன், கறியெல்லாம் சமைக்கக்கூடாது."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே அணைந்தது. "எல்லா வீட்டுலயும் இதான் சொல்றாங்க. பரவால்லக்கா" என்று செருப்பை மாட்டப் போனாள். அவள் ஆறாவதோ ஏழாவதோ வீட்டிலிருந்து இறங்குகிறாள் என்பது அந்த மாட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. எனக்கு அவமானமாகிவிட்டது. மீனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. அச்சகத்தில் பக்கத்து மேஜை ஃபாத்திமா தினம் கொண்டுவருவாள், சேர்ந்துதான் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

"இல்லம்மா, தப்பா சொல்லிட்டேன். என்ன வேணா சமைச்சுக்கோ. வீடு உனக்குத்தான்" என்றேன், அவசர அவசரமாக.

கூட வந்த தரகர் அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். தை ஐந்தாம் தேதி நாங்கள் பால் காய்ச்சி, அதற்கடுத்த நாள் அவள் குடி வருவதென்று முடிவாயிற்று.

டிசம்பர் 29

நல்ல பெண். சந்தோஷமான விஷயம். தலைவலி.

ஜனவரி 6

எஸ்தர் ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தாள். நான் வழக்கம்போல் அங்கே இருந்தேன். அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். திண்டில் தலையணை, அதன்மேல் என் மூக்குக் கண்ணாடி. அடுப்பில் பால். கொடியில் என் துண்டு. அலமாரியில் கல் பொறுக்கிய அரிசி, பருப்பு, நேற்று வாங்கிய ஊறுகாய்.

"அக்கா, இங்க யாரோ குடியிருக்காங்க" என்றாள்.

பெயின்ட் வாசனை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது. "ஆமாம்மா. நான்தான். இந்த வீட்டை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்ல. இங்க வந்து இருக்கணும்னு ஆசை. வீட்டுல சொல்லத் தைரியம் இல்லாம ஆள் பாத்துட்டிருந்தேன்."

சொல்லிவிட்டேன்! ஒரு முழு மனுஷியிடம், உரக்க! நாலு மாசமாக இந்தக் குறிப்பேட்டிடம்கூட மறைத்துவந்ததை.

எஸ்தர் அளவு நாடாவைச் சுருட்டினாள். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா. மீன் மேல ஏன் பழியப் போட்டீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டேன். கல்லூரியிலேயே குவார்ட்டர்ஸ் தருகிறார்களாம், இருட்டாக இருக்கிறதென்றுதான் வேண்டாமென்றிருந்தாளாம். அங்கேயே போய்க்கொள்கிறேன் என்றாள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவ என் மேடையில் நின்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு எடுத்துட்டு வருவேன். நீங்க திங்க வேண்டாம், நான் இந்த வெளிச்சத்துல உக்காந்து திங்கணும்" என்றாள். சம்மதம் என்றேன்.

ஜனவரி 9

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன பயம் உனக்கு திலகவதி? அண்ணன் அடிக்கப்போகிறாரா? அதில்லை. நான் தனியாகப் போனால் சொந்தக்காரர்கள் அண்ணி துரத்திவிட்டாள் என்பார்கள். துரத்தாத ஒருத்தியின் மேல் அந்தப் பேரைப் போட்டுவிட்டு நான் வெளிச்சத்தில் உட்கார்ந்து காபி குடிப்பதா? எனக்கு அந்த வீடு வேண்டும். அண்ணியும் வேண்டும். இரண்டும் ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை.

ஜனவரி 15

பொங்கல். மணை மேல் நின்று பொங்கல் வைத்தேன். அண்ணன், "அந்த டீச்சரம்மாவுக்குச் சாவி ரெண்டு செட் போட்டாச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன். இரண்டு செட் போட்டிருப்பது உண்மை.

ஜனவரி 19

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பால் காய்ச்ச எல்லோரும் போனோம். அண்ணியும் குயிலியும் இப்போதுதான் முதல் தடவையாக வீட்டைப் பார்க்கிறார்கள். குயிலி நான்கு கண்ணாடிக்கும் கீழே நின்று போட்டோ எடுத்துத் தள்ளினாள். அண்ணன் பால்கனியில் நின்று மரத்தைப் பார்த்தார். அண்ணி சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன்.

அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தார். பாத்திரத்தை வைக்க இன்னும் குனிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "என்னம்மா மேடை இது, சொப்பு வெச்சு விளையாடவா?" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எதையோ யோசிக்கிற முகத்தோடு வெளியே போனார். திண்டைப் பார்த்தார். ஒற்றைக் கட்டில் இடத்தைப் பார்த்தார். குளியலறைக்குள் போய்க் கண்ணாடி முன் நின்றார், அதில் அவர் கழுத்துச் சங்கிலிதான் தெரிந்திருக்கும். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"குடி வர்ற பொண்ணு என்ன உயரம்?"

"என் உயரம்தான் அண்ணி."

அது பொய்யில்லை. அதோடு விட்டிருந்தால் இன்றைய பொழுது ஓடியிருக்கும். ஆனால் அண்ணி என்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இருபத்து நான்கு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றவர்.

"அந்தப் பொண்ணு வரல அண்ணி. யாரும் வரல. நான்தான் வரப்போறேன்."

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. "எங்க வீட்டுல உனக்கு என்ன குறை வெச்சேன் திலகா?"

"ஒரு குறையும் இல்ல அண்ணி. சத்தியமா இல்ல. மணை மேல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது."

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மேடைய அன்னைக்கே இடிச்சு உன் உயரத்துக்குக் கட்டியிருக்க மாட்டேனா?"

"கட்டியிருந்தா உங்களுக்கு இடுப்பு போயிருக்கும். இப்போ ஒரு நிமிஷம் குனிஞ்சதுக்கே பிடிச்சுக்கிட்டீங்க."

அண்ணியின் கை இன்னும் இடுப்பில்தான் இருந்தது. நான் மேலும் சொன்னேன், இனிமேல் எப்போது சொல்வது என்று: "நாலு பேர் உங்களத்தான் பேசுவாங்க. அதுக்குத்தான் அண்ணி பயந்தேன்."

"பேசுறவங்க வந்து உனக்குக் காபி போட்டுத் தருவாங்களா?" என்று அண்ணி மூக்கைச் சிந்தினார். அந்த நேரம் பார்த்து, நாங்கள் இரண்டு பேரும் பார்க்காமலே, பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டு மேடையெல்லாம் வழிந்தது.

"பொங்கிடுச்சா?" என்று அண்ணன் பால்கனியிலிருந்து குரல் கொடுத்தார்.

"பொங்கிடுச்சு" என்றார் அண்ணி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்காரியும் வந்தாச்சு."

அண்ணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் பாலைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. குயிலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார், கையில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள், அரை டஜன் ஸ்க்ரூ.

"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பத்தாது, தனியா இருக்கறவளுக்கு" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். ஸ்க்ரூடிரைவர் எங்கே என்று கேட்டார். அவரே முடுக்கினார். முடித்துவிட்டு, ஆறிப்போன பாலை ஒரே மூச்சில் குடித்தார்.

ஜனவரி 26

என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். விளக்கை அணைக்கச் சொல்ல யாருமில்லை, விளக்கு போடவே இல்லை, பகல்.

அண்ணி ஆட்டோவில் வந்தார். ஒரு கையில் கீரைக்கட்டு, ஒரு கையில் அந்த மரமணை. "அங்க இது யாருக்கு? உன் மேடைல நின்னு என்னால ஒண்ணும் முடியாது" என்று சமையலறைத் தரையில் மணையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். நான் பக்கத்தில் நின்று பருப்பைக் கடைந்தேன். புகைக்கூண்டுக் கண்ணாடி வழியாக வெயில் இரண்டு பேர் மேலும் விழுந்தது. சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து துருவியதற்கு, "ஆமா, தொரத்திட்டேன். நல்ல வெளிச்சமான வீட்டுக்காப் பாத்துத் தொரத்தினேன்" என்று சொன்னாராம்.

கிளம்பும்போது முகம் கழுவப் போனார். நான் துண்டோடு வாசலில் நின்றேன். பொட்டைச் சரிசெய்ய என் கண்ணாடி முன்னால் அண்ணி நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் என் முகமும் தெரிந்தது, நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும். என் குதிகால் இரண்டும் தரையில்தான் இருந்தன.